ஒழுகாத தொட்டியில் பத்துமணிச் செடி

திருவனந்தபுரத்தில் நாங்கள் ஒரு பூத்தொட்டி கட்டினோம். அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகாது. அவ்வளவு நன்றாகக் கட்டியதுதான் எல்லாத் தொந்தரவுக்கும் காரணம்.

கட்டிய நாங்கள் எல்லோரும் கான்கிரீட்காரர்கள். செடி வளர்த்தவர் யாருமில்லை. எழுபதுகளின் நடுவில், வளைகுடாவுக்குப் போனவர்களின் பணம் வர ஆரம்பித்த காலத்தில், பேரூர்க்கடைப் பக்கமெல்லாம் ஓட்டு வீடுகளுக்கு இடையே தட்டைக் கூரை வீடுகள் எழும்பின. முகப்பில், மேல்மாடி ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு சேர்த்து நீளமாக ஒரு பூத்தொட்டி வார்ப்பது அப்போதைய மோஸ்தர். எங்கள் மேஸ்திரி நாகர்கோவில் பக்கத்துக்காரர். கூரை வார்ப்புக்கு முந்தின நாள் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைப்பார். உடைத்துவிட்டு வந்து, "பிள்ளையார் பாத்துக்கிடுவாரு. ஆனா சிமென்ட நாமதாம்ல பாக்கணும்" என்பார். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு அவமானம்தான் உண்டு. தான் வார்த்தது ஒழுகிற்று என்று யாராவது சொல்வது.

பூத்தொட்டியையும் அவர் தண்ணீர்த் தொட்டி மாதிரியே வார்க்கச் சொன்னார். உள்ளே இரட்டைப் பூச்சு, அதற்குமேல் சிமென்ட் பால். காய்ந்ததும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி வைத்து, வெளிச்சுவரைக் கையால் தடவித் தடவிப் பார்த்தோம். ஈரமே இல்லை.

"பாத்தியால, வெளிய ஒரு எறும்பு நக்கக்கூட தண்ணி கிடையாது" என்றார் மேஸ்திரி.

நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பூத்தொட்டியில் தண்ணீர் வெளியேற ஒரு துளை வேண்டுமென்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் பாதியில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பியவன். பொன்முடியில் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் படுத்துக் களை வெட்டியிருக்கிறேன். அங்கே காய்ச்சலில் கிடந்தபோது வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கல்லாற்றுக்கு இறங்கி ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். பிறகு பழவங்காடியில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். எந்த இடத்திலும் இரண்டு மழைக்காலம் இருந்ததில்லை. யாரும் விரட்டி நான் போனது குறைவு. காலையில் எழுந்ததும் போகவேண்டும் என்று தோன்றும், போய்விடுவேன். கான்கிரீட் வேலை எனக்குப் பொருந்திப் போனதற்கு அதுதான் காரணம். ஒரு வீடு முடிந்தால் அடுத்த வீடு, வேறு தெரு, வேறு கிணறு.

சாரத்திலிருந்து ஒரு தடவை விழுந்ததில் இடது தோள் இறங்கிவிட்டது. அதை ஏற்றிவைத்தவர் சரியாக வைக்கவில்லை. அதற்குப் பிறகு சட்டி தூக்க முடியாததால் மேஸ்திரி என்னை நனைப்புக்குப் போட்டார். வார்த்த தளத்தின்மேல் சின்னச் சின்ன வரப்புக் கட்டி, வயல் மாதிரி தண்ணீர் நிறுத்தவேண்டும். தூண்களுக்குச் சாக்கைச் சுற்றி நனைக்கவேண்டும். காலை, உச்சி, மாலை. ஒரு வேளை விட்டாலும் கான்கிரீட் வெடிக்கும். அதற்குத் தண்ணீர் போதும் என்கிற நிலையே கிடையாது. குடிக்கக் குடிக்க இறுகும்.

என் மனைவி அதே குழுவில் சித்தாள். வேலை நடக்கிற இடத்திலேயே சிமென்ட் மூட்டை வைக்கிற ஷெட்டில் ஒரு பாதியை மறைத்துக் குடியிருப்போம். மேஸ்திரிக்கு அதனால் இரவுக் காவல் ஆயிற்று, எங்களுக்கு வாடகை இல்லை. வீடு முடிந்து வீட்டுக்காரர் குடிவந்தால் நாங்கள் வெளியே. இந்த வீட்டுக்கு முந்தின இடத்தில், வைகாசிப் பாதியில் பிடிக்கிற இடவப்பாதி மழையில் ஷெட்டின் மண்சுவர் சரிந்து ஓலையோடு அவள்மேல் விழுந்தது. பெரிய அடியில்லை. முழங்கை சிராய்த்தது, அரிசி முழுவதும் சேறாயிற்று. இந்த இடத்துக்கு வந்த முதல் நாள், சேலைகளை உதறிக் கயிற்றில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"இந்தா பாருங்க. இதுதான் கடைசி ஷெட்டு. இந்த வீடு முடியதுக்குள்ள நிலையா ஒரு இடம் பாருங்க. இல்லன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க எங்க வேணும்னாலும் அலைங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்தார். அவருடைய மனைவி, நாங்கள் சேச்சி என்று கூப்பிடுவோம், பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் மாமியாரோடு இருந்தார். கோட்டைப் பக்கம் தமிழர்களுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதால் எங்களிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். தினமும் குடையோடு வந்து வேலையைப் பார்ப்பார். வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம் அவரிடம் இருந்தது. வெள்ளைச் சுவர், ஜன்னலுக்குக் கீழே தொட்டி, அதிலிருந்து வழிந்து தொங்கும் பூக்கள். எங்கள் தொட்டிக்கு மூலம் அந்தப் படம்தான்.

தொட்டி காய்ந்ததும் அவர் தன் தாய்வீட்டிலிருந்து ஒரு வாழையிலை நிறையப் பத்துமணிச் செடியின் தண்டுகளைக் கொண்டுவந்தார். தரையோடு படர்கிற செடி. சிவந்த தண்டு, நெல்மணி அளவில் உருண்ட இலை. நசுக்கினால் உள்ளே முழுக்கத் தண்ணீர். வெயில் ஏறி பத்து மணிவாக்கில் பூ விரியும், உச்சி சாய்ந்ததும் சுருங்கிவிடும். விரல் நீளத் தண்டை ஒடித்து வைத்தால் வந்துவிடும் என்றார்கள்.

"பாலுகாய்ச்சுக்கு ஆள் வரும்போ இது நிறைஞ்சு கிடக்கணும், அண்ணாச்சி" என்றார் சேச்சி. கிருகப்பிரவேசத்தை அங்கே பாலுகாய்ச்சு என்பார்கள். "இத நல்லா பிடிப்பிச்சுத் தந்தா, நீங்க ரெண்டு பேரும் இங்கதன்னே நின்னோ. எங்க வீட்டு ஆள் லீவு முடிஞ்சு போயிட்டா நானும் அம்மையும் தனிச்சல்லே. காம்பவுண்டில ஆரெங்கிலும் வேணும். செடி நோக்கற ஆளா இருந்தா ரெண்டு காரியமும் ஆச்சு."

தலையில் மணல் சட்டியோடு போய்க்கொண்டிருந்த என் மனைவி அப்படியே நின்றாள். மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள்.

"சேச்சி சொன்னத கேட்டியளா?"

"கேட்டேன்."

"செடியப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"என்ன பெரிய செடி. தண்ணி ஊத்துனா வளரும்."

பலா மரத்தடியிலிருந்து கறுத்த மண் எடுத்து, சாணம் கலந்து, தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். தண்டுகளை வரிசையாக ஊன்றினேன். தளத்தை நனைக்கப் போகும்போதெல்லாம் தொட்டியையும் நனைத்தேன். காலை, உச்சி, மாலை. அது சித்திரை வெயில் காலம். வெயில் கூடக்கூட நான் தண்ணீரும் கூடுதலாக ஊற்றினேன். முதல் வாரம் இலைகள் பளபளவென்று கொழுத்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் அவை கண்ணாடி மாதிரி ஆயின. தொட்டால் தண்டு தோல் கழன்று கையோடு வந்தது, வெந்த கீரை மாதிரி.

சேச்சி ஏணியில் ஏறிவந்து பார்த்தார். "அய்யோ அண்ணாச்சீ, இது முழுக்கப் புழுங்கிப் போச்சல்லோ!" என்னைக் கோபிக்கவில்லை. தவறு தன்னுடையது என்று தீர்மானித்தார். "நான் அம்மைகிட்ட கேட்டு வாங்கினதாக்கும். கேட்டு வாங்கின செடி பிடிக்காது. மோஷ்டிக்கணும்."

திருடி வைத்தால்தான் செடி பிடிக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. எங்கள் பக்கத்திலும் உண்டு. மறுநாள் காலை வெயிலில் குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். எங்கள் முன்னால் நின்று குடையை விரித்ததும், அதன் மடிப்புகளிலிருந்து தண்டும் பூவுமாக உதிர்ந்தன. நல்ல வாடாமல்லி நிறம்.

"ஆரு வீட்டுது சேச்சி?" என்று என் மனைவி கேட்டாள்.

"அதொண்ணும் கேக்கக்கூடாது" என்று சேச்சி சிரித்த சிரிப்பில் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

திருட்டுச் செடியும் அழுகியது. பிறகு இடவப்பாதி பிடித்துக்கொண்டது. நான் ஊற்றவேண்டிய தேவை இல்லாமல் வானமே ஊற்றிற்று. தொட்டி குளமாயிற்று, கறுத்த தண்டுகள் மிதந்தன. அவற்றை வாரி வாரிக் கீழே ஜல்லிக் குவியல்மேல் எறிந்தேன். சேச்சி வரும்போது மேல்ஜன்னலை அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் போகும்போது பொதுவாகச் சொன்னார்: "தோட்ட வேலை அறியுன்ன ஒராள் இருக்காம். காம்பவுண்டில தங்கவும் தயாராம். ஓணம் கழியட்டும், நோக்கலாம்."

அன்று என் மனைவி தகரப் பெட்டியை வெளியே இழுத்து, மூடி சரியாக மூடுகிறதா என்று பார்த்தாள். கீல் துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டாள்.

எனக்கு அந்தச் சமயத்தில் இரண்டு மனசு இருந்தது. ஷெட்டு போனால் என்ன, ஊர் பெரிது என்று ஒரு மனசு. அவள் இல்லாமல் அடுத்த ஷெட்டில் போய் இறங்கினால் அங்கே நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று இன்னொன்று. முதல் மனசு எனக்குப் பழக்கமானது. இரண்டாவது புதிது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஓணத்துக்கு முன்னால் மழை விட்டு வெயில் அடித்தது. மதில் வேலைக்கு ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க."

ஜல்லிக் குவியலின் சரிவில், கல்லுக்குக் கல் இடுக்கில், சிவந்த தண்டுகள் படர்ந்திருந்தன. இலை சின்னது, ஆனால் கெட்டியாக இருந்தது. அங்கங்கே பூ விரிந்திருந்தது. குடையிலிருந்து விழுந்த அதே வாடாமல்லி நிறம்.

"நீங்க எறிஞ்சது."

"ஆமா."

"நீங்க வச்சு ஊத்துனது செத்துப்போச்சு. எறிஞ்சு மறந்தது பூத்திருக்கு."

"அப்ப எல்லாத்தையும் எறிஞ்சிருவமா?"

"கிண்டலெல்லாம் இருக்கட்டும். மேல ஏறி அந்தத் தொட்டிக்குள்ள கைய விட்டுப் பாருங்க."

ஏறிப் போய்க் கையை விட்டேன். மேல்மண் காய்ந்து வெடித்திருந்தது. நாலு விரல் கீழே சேறு. முழங்கை வரை விட்டபோது ஐஸ் மாதிரித் தண்ணீர். கையை எடுத்தபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. சித்திரையிலிருந்து ஊற்றியது, மழை ஊற்றியது, எல்லாம் உள்ளேயே நின்றது. எங்கள் வேலை அவ்வளவு சுத்தம். ஜல்லிக் குவியலில் அதே மழை விழுந்து, நிற்காமல் போயிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மேஸ்திரியிடம் சொன்னேன்.

"ஓட்டையா? எதுலல?"

"தொட்டில. தண்ணி போகணும்லா."

"நனைச்சு நனைச்சு ஒனக்கு மண்டைக்குள்ளயும் தண்ணி ஏறிட்டு. ஒழுகாத சாமான ஒழுக வைக்கதுக்கு எந்த ஊர்லல கூலி தாரான்? நாளைக்கு அடுக்களை ஒழுகுனாலும் அந்த ஓட்டையத்தான் காட்டுவானுவ. போ, போய் சாக்க நனை."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சேச்சியிடம் போனேன். அவர் சுவரை ஒருதடவை பார்த்தார், என்னை ஒருதடவை பார்த்தார்.

"சுவரில வடியுமே, அண்ணாச்சி? வெள்ளை அடிக்கணும் இனி."

"வடியும்."

"செடி பிடிக்குமோ?"

"தெரியாது சேச்சி. பிடிக்கலாம்."

குடையை மடக்கிக்கொண்டே, "எங்கில் துளை போட்டுக்கோ" என்றார்.

மேஸ்திரி வேறொரு வீட்டு வார்ப்புக்காகப் பழவங்காடிக்குத் தேங்காய் உடைக்கப் போன காலையில், தொட்டிக்குக் கீழே சாரத்தில் நின்று உளியை வைத்தேன். எங்கள் கான்கிரீட் அவ்வளவு லேசில் விடவில்லை. பொறி பறந்தது. நான் நாள் தவறாமல் நனைத்து இறுக்கியது, இப்போது என் தோளுக்கே வினையாயிற்று. கம்பியில் படாமல் இடம் மாற்றி மாற்றி அடித்தேன். மனைவி கீழே சாரக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் உளி விசுக்கென்று உள்ளே போயிற்று. இழுத்ததும் கறுத்த தண்ணீர் என் முகத்தில் அடித்து, சுவரில் வழிந்து, அவள் தலையிலும் விழுந்தது.

"ஒழுகுது!" என்று அவள் கத்தினாள். "ஏங்க, ஒழுகுது, ஒழுகுது!"

அந்தச் சொல்லை ஒருவர் சந்தோஷமாகச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. முழத்துக்கு ஒன்றாகத் தொட்டி நெடுகத் துளை போட்டேன்.

நெற்றியில் திருநீறோடு திரும்பிவந்த மேஸ்திரி வாசலில் நின்று மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "லேய், ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. யாரு கேட்டாலும் இந்தத் தொட்டி நீ வார்த்தது. நான் இதப் பாத்ததே இல்ல."

பழைய மண்ணை முழுக்க அள்ளிக் கொட்டினோம். துளைகளின்மேல் உடைந்த ஓட்டுத் துண்டுகள், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் ஆற்று மணலும் கொஞ்சமே கொஞ்சம் மண்ணும். ஜல்லிக் குவியலில் இருந்ததைத்தான் ஒடித்து வைத்தோம். ஒடித்ததில் பாதியைச் சேச்சி வராந்தாவில் வைத்து மறந்துவிட்டார். மறுநாள் வாடிக் கிடந்ததை வேண்டாவெறுப்பாக ஊன்றினேன். உடனே ஊன்றியதைவிட அதுதான் முதலில் வேர் பிடித்தது. வெட்டுவாய் காயவேண்டும் போலிருக்கிறது. எங்களுக்கு அந்தச் செடி சொல்லித்தந்த பாடமெல்லாம் இப்படி மறதியிலும் அலட்சியத்திலும் வந்ததுதான்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. காலையில் வாளியோடு மேலே ஏறினால் கை தானாகத் தொட்டிப் பக்கம் போகும். ஏணியடியில் சாந்து குழைத்துக்கொண்டிருக்கிறவள் அண்ணாந்து பார்க்காமலே "கை!" என்று அதட்டுவாள். நான் வாளியை வைத்துவிட்டு நிற்பேன். செய்கிற வேலையில் தேறியவன், செய்யாமல் இருக்கிற வேலையில் கற்றுக்குட்டி. கான்கிரீட்டைப் பார்க்க வேண்டியதில்லை, பொழுது பார்த்து ஊற்றினால் போதும். இதைப் பார்க்கவேண்டியிருந்தது. இலை உருண்டு திரண்டிருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, விட்டுவிடலாம். இலை மெலிந்து சுருக்கம் விழுந்தால் ஒரு குவளை. நுனியைக் கிள்ளினால் கிள்ளின இடத்தில் இரண்டு கிளை வந்தது. கிள்ளியதை ஊன்றினால் அது இன்னொரு செடி. பிறந்ததிலிருந்து நான் எதையும் இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை. போகவேண்டும் என்று காலையில் தோன்றுவது அந்த மாதங்களில் எப்போது குறைந்தது என்று எனக்குத் தெரியாது. முழுக்க நிற்கவில்லை. தொட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போனது.

ஐப்பசியில் துலாவர்ஷம் ஆரம்பித்தது. மத்தியானத்துக்குமேல் இடியோடு கொட்டுகிற மழை. துளை இருந்தும், அறைகிற மழையில் இளந்தண்டுகள் ஒடிந்தன. அவள் எங்கள் ஷெட்டின் கூரையைக் காட்டினாள்.

"அந்தத் தகரத்த எடுங்க. தொட்டிக்கு மேல சாய்ச்சு வைக்கலாம்."

"நாம நனைவோமே."

"நாலு நாள் நனையலாம். காலம்பூரா நனையதுக்கு இது தேவல."

எடுத்தேன். தகரம் போன இடத்தில் சாக்கை விரித்துக் கட்டினேன். சாக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் தாங்கிற்று. தளம் நனைக்கிற பாத்தி மாதிரி எங்கள் தரை இருந்தது. பாத்திரங்களை அங்கங்கே வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருப்போம். செடி அங்கே தகரத்தின் கீழ் காய்ந்து சௌகரியமாக இருந்தது.

மழை ஓய்ந்ததும் தகரத்தை எடுத்துவிட்டோம்; மார்கழிக்குள் தொட்டி நிறைந்து விளிம்பைத் தாண்டி ஒரு முழம் தொங்கிற்று. சுவருக்கு வெள்ளை சிமென்ட் பெயின்ட் அடித்தார்கள். அடித்த வாரமே ஒரு மழை பெய்து, ஒவ்வொரு துளையிலிருந்தும் செம்மண் நிறத்தில் ஒரு கோடு சுவரில் இறங்கிற்று. துடைத்தால் அகலமானது, போகவில்லை.

வீட்டுக்காரர் தையில், பாலுகாய்ச்சுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தார். முடி கொட்டி, வெயிலில் கறுத்து, சேச்சியைவிட அதிக வயது தெரிந்தது. தன் வீட்டை அதுவரை போட்டோவில் மட்டும் பார்த்திருந்தவர். கேட்டில் நின்று மேலே பார்த்தார். அவர் கண் நேரே அந்தக் கோடுகளில்தான் போய் நின்றது.

முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு முன்னால். பால் பொங்கி, எல்லோரும் முற்றத்துக்கு வந்தபோது பனி விலகவில்லை. பூ ஒன்றும் விரியவில்லை. வெளிச்சம் இல்லாத நேரத்தில் பார்த்தால், தொட்டியிலிருந்து பச்சையும் சிவப்புமாக ஏதோ சிக்கல் தொங்குகிறது, அதற்குக் கீழே சுவரில் அழுக்கு. அவ்வளவுதான்.

"ஆரா இத துளைச்சது?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

ஜரிகை வேட்டியில் நின்ற மேஸ்திரி, சொன்ன வாக்குத் தவறாமல் என்னைக் காட்டினார்.

வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. "நாளை ஷெட்டைப் பிரிச்சு மாற்றணும். மணலும் கல்லும் எல்லாம் மாற்றணும். எனக்கு முற்றம் க்ளீன் ஆகணும்."

"சரி சார்" என்றேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பாலைவனத்தில் கிடந்து அவர் சம்பாதித்தது ஒரு வெள்ளைச் சுவர். நான் அதில் கோடு போட்டிருக்கிறேன். இப்படி எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேரிடம் சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். ஆனால் கிணற்றடியில் உருளி தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவியும் அதைக் கேட்டாள். கையைக் கழுவிக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். பின்னால் போனேன். பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் ஊருக்கு பஸ் இருக்கு" என்றாள். "பந்தி முடிஞ்சு பாத்திரத்தக் கழுவிக் குடுத்துட்டுப் போறேன். சேச்சி ஒண்டியா என்ன செய்யும், பாவம்."

நீங்களும் வாங்க என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுபடி உருளி தேய்க்கப் போய்விட்டாள். நான் ஷெட்டின் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

வெயில் பக்கத்து வீட்டுத் தென்னைகளைத் தாண்டி முகப்பில் விழுந்தது. முதலில் ஓரத்தில் ஒன்றிரண்டு, பிறகு மளமளவென்று தொட்டி முழுக்க விரிந்தது. மேல்மாடி அறைகளைப் பார்க்கப் போன பெண்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள்.

"எவிடுந்து கிட்டி இது?"

"கேக்காத மோளே. கேட்டா பிடிக்காது. நீ அங்கோட்டு நோக்கு, நான் ரெண்டு கம்பு எடுக்கட்டும்."

"என் வீட்டில இதே நிறம் இருந்ததாக்கும். ஆரோ பறிச்சோண்டு போயி" என்று ஒரு அம்மாள் சொன்னார். சேச்சி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்படியோ, கஷ்டம்" என்றார். அந்த அம்மாளும் யாரும் பார்க்காதபோது ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டதை நான் கீழே இருந்து பார்த்தேன்.

கொஞ்சம் கழித்துச் சேச்சி இறங்கி வந்தார். முற்றத்து ஓரத்தில் கணவரோடு பேசியது, ஷெட்டின் ஓலை மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது.

"சுவரைக் கண்டோ நீ?"

"கண்டு. நானாக்கும் துளைக்கச் சொன்னது."

"நீயோ?"

"ஆமா. லீவு முடிஞ்சா நீங்க போவீங்க. பின்ன இந்தச் சுவரை நோக்கி இருக்கப்போறது நானாக்கும். எனக்கு அந்தக் கோடு ஒரு காரியமில்ல. அந்தி ஆனா காம்பவுண்டில ஆளில்லாதது தான் எனக்குப் பயம்."

"ஷெட்டு எதானாலும் போகணும்" என்றார் அவர்.

"ஷெட்டு வேண்டா. விறகுப் புரை சும்மா கிடக்குதல்லோ. அக்கா அதில நிக்கட்டும்." அக்கா என்றது என் மனைவியை; புரை என்றது பின்னால் விறகு போடக் கட்டியிருந்த கொட்டகையை.

"அவரோ?"

"அவர் நிக்கற ஆளில்ல. போயும் வந்தும் இருக்கட்டும்."

சேச்சியிடம் நான் என் பழைய கதையைச் சொன்னதில்லை. என்றாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. சரியாக இருந்ததனால் கொஞ்சம் வலித்தது.

சேச்சி வந்து என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரிக்கவுமில்லை, கண் கலங்கவுமில்லை. "அந்தப் புரை மழைக்கு ஒழுகுமா சேச்சி?" என்றுதான் கேட்டாள்.

"ஓடு போட்டது. கொஞ்சம் ஒழுகும்."

"பரவால்ல. நான் பாத்துக்கிடுதேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒங்கள வேண்டாம்னு யாரும் சொல்லல. நீங்கதான் ரோசிக்கணும்."

அடுத்த வார்ப்பு ஆற்றிங்கலில். போவதற்குமுன் சுவரின் கோடுகளை வெள்ளை அடித்து மறைத்தேன். அடுத்த மழையில் வரும் என்று எனக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு, பீடிக்கட்டு. எல்லாம் ஒரு துணிப்பையில் அடங்கிற்று. இத்தனை வருஷமும் மூட்டை கனக்கிறது, பாதிப் பாத்திரத்தைத் தூக்கி எறி என்று அவளிடம் சண்டை போட்டவன் நான். பஸ்ஸில் மடியில் வைத்தபோது பை இருப்பதே தெரியவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் சட்டையை மாட்டினேன்.

"எங்கல கிளம்பிட்ட? நாளைக்குத் தளத்த யாரு நனைப்பா?" என்றார் மேஸ்திரி.

"நாளைக்கு ஒரு நாளைக்கு வேற ஆளப் பாரும். திங்கக்கிழமை வந்திருவேன்."

பேரூர்க்கடையில் இறங்கி நடந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. விறகுப் புரை வாசலில் உட்கார்ந்து அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டுச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய் இன்னும் ஒரு பிடி அரிசி எடுத்துவந்து பாத்திரத்தில் போட்டாள்.